கதவோரத்து ஃபோர்மைக்கா ஏன் திரும்பத் திரும்பக் கழருகிறது?

பழைய ரோசா என்ற சிறிய பஸ் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் வைத்து, அறுகம்பைக் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஏறும் கதவைச் சுற்றி ஒட்டிய மரநிற ஷீட் கழன்று வருகிறதாம். சூப்பர் குளூ போட்டாராம், ஒரு மாதம் நின்றது. பிறகு செருப்புத் தைக்கிறவர் பாவிக்கும் மஞ்சள் பசை போட்டாராம், மூன்று மாதம் நின்றது. எந்தப் பசை போட்டால் நிரந்தரமாகப் பிடிக்கும் என்பது கேள்வி. இரண்டு படமும் போட்டிருந்தார்.

தம்பி, நீங்கள் கேட்டது பசையின் பெயர். ஆனால் "அலுமாரிக் கதவும் உட்சுவரும் இன்னும் புதுசு மாதிரியே இருக்கு" என்று இடையில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அதே ஷீட், அதே பசை, அதே கை, அதே வருடம். பசை பிழை என்றால் அலுமாரியும் கழன்றிருக்க வேண்டும். கதவைச் சுற்றி மட்டும் கழருகிறது என்றால் கதவடியில் ஏதோ நடக்கிறது. ஆகவே உங்கள் கேள்வியை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: கதவடியில் என்ன நடக்கிறது, அதை நிறுத்திவிட்டு எப்படி ஒட்டுவது?

என் அப்பா வாழைச்சேனையில் வள்ளம் கட்டிய ஓடாவி. நான் அவரிடம் உளி பிடிக்கப் பழகி, பிறகு கல்முனைப் பக்கம் பஸ்சின் உடம்பு கட்டும் பட்டறை ஒன்றில் பல வருடம் உள்வேலை செய்தேன். இப்போது பெரும்பாலும் சமையலறை அலுமாரிகள், இடைக்கிடை உங்களைப் போல வாகனத்தை வீடாக்குகிறவர்களின் வேலை. மரம், பசை, தண்ணீர் இந்த மூன்றையும் பற்றித் தைரியமாகச் சொல்வேன். கறள் பிடித்த இரும்புச் சட்டத்தை வெட்டி ஒட்டுவது வெல்டிங்காரரின் வேலை. படிக்கட்டு விளக்குக்குப் போகும் வயர் என் வேலை இல்லை.

முதலில் உங்கள் ஷீட் எது என்று தெரிய வேண்டும். ஃபோர்மைக்கா என்று நாங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். உண்மையான ஃபோர்மைக்கா கடதாசிதான். பல தட்டுக் கடதாசியைப் பிசினில் ஊறவைத்து, மேலே மரக்கோடு அச்சிட்ட கடதாசி ஒன்றை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கியது. வைக்கோலில் கடதாசி செய்த ஆலை இருந்த ஊர்க்காரன் நான், எனக்கு அது எப்போதும் ஒரு வேடிக்கை. ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான தடிப்பு, ஓரம் பார்த்தால் கபிலம் அல்லது கறுப்பு, வளைத்தால் டக்கென்று முறியும். மற்றது மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டிய மூன்று மில்லிமீற்றர் பிளைவுட். அந்தப் படலம் ரெக்சின் மாதிரி மடங்கும், உரித்தால் வாழைத்தோல் மாதிரி நீளமாக வரும். வெளிநாட்டில் தொழிற்சாலையில் செய்த கரவன்களின் சுவர் பெரும்பாலும் இந்த வகைதான். உங்கள் இரண்டாவது படத்தில் ஓரம் முறிந்து பல்லுப் பல்லாக நிற்கிறது, அதனால் முதல் வகை என்று நினைக்கிறேன். ஒரு துண்டை நகத்தால் மடித்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள். படலம் என்றால் தின்னர் பக்கமே போகக்கூடாது, அது உருகி அசிங்கமாகிவிடும்.

இனி கழரும் இடத்தைப் பாருங்கள். எந்த உயரத்தில் தொடங்கியது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். நிலத்திலிருந்து ஒரு அடி உயரம்வரை கழன்றிருந்தால் தண்ணீர் கீழிருந்து ஏறுகிறது. கடலில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரக்காலோடும் மணலோடும் படியில் ஏறுகிறார்கள், சொட்டுத் தண்ணீர் படி மூலையில் தேங்கி, பிளைவுட்டின் வெட்டுமுகம் வழியாக, விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போல மேலே இழுபடுகிறது. மேல் மூலையில் தொடங்கியிருந்தால் கூரை விளிம்பையோ, கதவுக்கு மேலே யாரோ அடித்த விளக்கு ஸ்குறூ ஓட்டையையோ சந்தேகிக்க வேண்டும். பிணைச்சல் பக்கம் நடு உயரத்தில் மட்டும் என்றால் அநேகமாகத் தண்ணீர் இல்லை, ஆட்டம்தான். வெயில் நேரே விழும் பக்கம் முழுவதும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தால் சூடு. கண்டாக்ட் பசை என்று நாங்கள் சொல்லும் அந்த மஞ்சள் பசை 60, 70 பாகை சூட்டில் இளகும். பகல் ஒரு மணிக்கு வெயிலில் நிற்கும் பஸ்சின் தகரத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், அது எவ்வளவு தூரத்தில் இல்லை என்று விளங்கும்.

உங்கள் படத்தில் கீழ்ப்படி மூலை கறுத்திருக்கிறது. மேலே பிணைச்சல் பக்கமும் ஒரு முழம் விட்டிருக்கிறது. ஆகவே உங்களுக்கு இரண்டு நோய். கீழே தண்ணீர் என்பது எனக்கு அநேகமாக நிச்சயம், அந்த இடத்தில் அப்படிக் கறுப்பது பெரும்பாலும் தண்ணீரால்தான். மேலே ஆட்டம் என்பது ஊகம்தான், ஆனால் காரணம் உள்ள ஊகம். பஸ்சின் பழைய மடக்குக் கதவை எடுத்துவிட்டு வீட்டுக் கதவு மாதிரி ஒற்றைக் கதவு போட்டதாகச் சொல்கிறீர்கள். வாகனத்தின் உடம்பு குழியில் இறங்கி ஏறும்போது முறுகும். தகரம் முழுதாக இருக்கும் இடத்தில் அந்த முறுக்கு பரவிப்போகும், வாசல் வெட்டிய இடத்தில் அது மூலைகளில் வந்து குவியும். பொத்துவிலில் இருந்து உள்வீதிகளில் நீங்கள் ஓடுகிற ஓட்டத்துக்கு அந்த மூலைகள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் அசையும் என்று யோசியுங்கள். சூப்பர் குளூ ஒரு மாதத்தில் விட்டது இதனால்தான். அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி, அசைவு தாங்காது. கதவும் கொஞ்சம் தொங்கி நிலையில் இடிக்கிறதா என்று பாருங்கள். ஒரு கடதாசித் துண்டைக் கதவுக்கும் நிலைக்கும் இடையில் வைத்து மூடி இழுத்தால், எங்கே இறுகுகிறது என்று கைக்குத் தெரியும். இடிக்கிறதென்றால் முதலில் பிணைச்சலைச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு தரமும் அறைந்து மூடும் கதவு ஒரு சிறிய சுத்தியல்தான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க ஹோஸ் குழாயும் உள்ளே ஒரு ஆளும் ஒரு ரோச்சும் போதும். ஆனால் மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் விளங்காது. கீழ்ப் படியில் தொடங்குங்கள், பத்து நிமிடம். உள்ளே ஈரம் இல்லையென்றால் பக்கச் சட்டம், பத்து நிமிடம். பிறகு கதவுக்கு மேல், கடைசியாகக் கூரை விளிம்பு. எந்தக் கட்டத்தில் உள்ளே கசிகிறதோ அதுதான் வழி. குழாயை அழுத்திப் பீய்ச்ச வேண்டாம், மழை மாதிரி வழியவிடுங்கள்.

அடுத்தது, கதவைச் சுற்றிய அலுமினிய அல்லது மர ஓரச் சட்டத்தைக் கழற்றுங்கள். மறைவில் உள்ளது அப்போதுதான் தெரியும். ஸ்குறூட்றைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல பலகை கணீரென்று கேட்கும், ஷீட் மட்டும் விட்டிருந்தால் உள்ளே வெறுமையான சத்தம் கேட்கும், உக்கிய பலகை ஈரச் சாக்கைத் தட்டுவது போல மொத்தையாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் ஒரு கூர் ஊசியை அழுத்துங்கள். மூன்று மில்லிமீற்றருக்கு மேல் இலேசாக இறங்கினால் அந்தப் பலகைக்கு எந்தப் பசையும் பிரயோசனம் இல்லை. உக்கல் ஒரு பூஞ்சணம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அது வளராது, ஆனால் தின்றதைத் திருப்பித் தரவும் மாட்டாது. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எப் பலகை போட்டிருந்தால் கதை இன்னும் மோசம். அது ஒருமுறை ஊதினால் ஊதியதுதான், காய்ந்தாலும் பழைய தடிப்புக்கு வராது. இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இரும்புப் பெட்டிக்குழாய் எவ்வளவு கறள் என்பதைப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. விரலால் சுரண்டினால் தகடு தகடாக வந்தால் வேலையை நிறுத்தி வெல்டிங்காரரைக் கூப்பிடுங்கள்.

பலகை நல்லது, ஈரம் மட்டும்தான் என்றால் காயவிட வேண்டும். இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். மேல்பக்கம் ஒரு நாளில் காய்ந்த மாதிரி இருக்கும், ஒட்டியதும் உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியே வர வழியில்லாமல் ஷீட்டைத் தள்ளும். கழன்ற ஷீட்டை ஈர்க்குத் துண்டுகளால் முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்து, ஃபேன் காற்றை நேரே அடிக்கவிட்டு, குறைந்தது ஒரு கிழமை. எங்கள் கடற்கரைக் காற்றில் மரம் எலும்பாகக் காயும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காற்றில் 80 சதவீத ஈரப்பதன் இருந்தால் மரம் தனக்குள் சுமார் 16 சதவீதத்தை வைத்துக்கொள்ளத்தான் செய்யும். அது போதும்.

இப்போது நீங்கள் கேட்ட பசை. ஓரம் திறந்து, உள்ளே தூரிகை போகக்கூடிய இடத்துக்கு அதே மஞ்சள் கண்டாக்ட் பசைதான், ஆச்சரியப்பட வேண்டாம். உங்கள் கையில் அது மூன்று மாதம்தான் நின்றதற்கு ஈரம் ஒரு காரணம், போட்ட முறை இன்னொரு காரணமாக இருக்கலாம். இது இரண்டு பக்கமும் பூசி, காயவிட்டு, பிறகு ஒட்டும் பசை. பழைய பசையைச் சுரண்டி, சான்ட் பேப்பர் தேய்த்து, தூசியைத் துடைத்து, ஷீட்டின் முதுகிலும் பலகையிலும் மெல்லிசாகப் பூசுங்கள். பலகை குடித்துவிட்டால் இரண்டாம் தரம். விரல் முதுகால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் நூல் இழுக்கக் கூடாது. அந்த நிலைக்குப் பத்து முதல் இருபது நிமிடம். ஈரமாகச் சேர்த்து ஒட்டினால் கரைப்பான் உள்ளே அடைபட்டு, பசை பல நாள் சவ்வாகவே கிடக்கும். நிலை வந்ததும் ஈர்க்குகளை மேலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு அழுத்திவாருங்கள். ஒருமுறை தொட்டால் பிடித்துவிடும், நகர்த்த இடம் தராது. பிறகு ரோலரால், இல்லாவிட்டால் துணி சுற்றிய மரக்கட்டையால், உடம்பு பாரத்தைக் கொடுத்து உருட்டுங்கள். இந்தப் பசைக்கு நேரத்தைவிட அழுத்தம்தான் பெரிது, விரலால் தடவிவிடுவது அழுத்தம் இல்லை.

நடுவில் மூடிய கொப்புளமாக இருக்கும் இடத்துக்கு இந்த முறை சரிவராது. உள்ளே ஊசியால் கண்டாக்ட் பசையை ஏற்றினால் அது காயவே மாட்டாது, கரைப்பானுக்கு வெளியேற வழி இல்லை. முதலில் துணி வைத்து மிதமான அயன்பெட்டி அல்லது முடி காயவைக்கும் டிரையரால் சூடாக்கி அழுத்திப் பாருங்கள். பழைய பசை இன்னும் உயிரோடு இருந்தால் இளகித் திரும்பப் பிடிக்கும். இது சில வேளை சரிவரும், சில வேளை ஒரு மாதத்தில் மறுபடி எழும்பும், உத்தரவாதம் தரமாட்டேன். எழும்பினால் மரக்கோட்டோடு ஒட்டிக் கத்தியால் மெல்லிய கீறல் ஒன்று போட்டு, பாமசியில் வாங்கிய சிரிஞ்சால் இரண்டு சேர்க்கும் எப்பொக்சிப் பசையை ஏற்றி, அழுத்தி வைக்க வேண்டும். அழுத்துவதற்கு வாசல் ஒரு வசதி. வாசலின் உட்கன்னத்தில் கொப்புளம் என்றால் அதன்மேல் பொலித்தீன் வைத்து, பலகைத் துண்டை வைத்து, எதிர்ப் பக்கத்து நிலைக்குக் குறுக்கே ஒரு சட்டத்தை ஆப்பு வைத்து முட்டுக்கொடுத்தால் கிளாம்ப் எதுவும் தேவையில்லை. பொலித்தீனை மறந்தால் பலகையும் சேர்ந்து ஒட்டும். நான் மறந்திருக்கிறேன்.

வாசல் மேல் மூலைகளில் புது ஷீட் போட வேண்டி வந்தால், மூலையைச் சதுரமாக வெட்ட வேண்டாம். உள்மூலை கூராக இருந்தால் அசைவு முழுவதும் அந்தப் புள்ளியில் சேர்ந்து, மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு சாய்வாக ஓடும். முதலில் மூலையில் ஒரு துளை போட்டு, பிறகு அந்தத் துளைக்கு வெட்டி வாருங்கள். குறைந்தது மூன்று மில்லிமீற்றர் வளைவு வேண்டும், இன்னும் கூட இருந்தால் நல்லது. ஷீட்டின் ஓரம் இரும்பிலோ நிலத்திலோ முட்டாமல் ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் இடைவெளியும் விடுங்கள். மாரியில் ஷீட் கொஞ்சம் விரியும், கோடையில் சுருங்கும். இடம் இல்லையென்றால் அது நடுவில்தான் எழும்பும்.

கீழ் ஒரு அடியைப் பற்றி என் கருத்து வேறு. அங்கே ஃபோர்மைக்காவைத் திரும்ப ஒட்டவே வேண்டாம். ஈரக்காலும் மணலும் நாள்தோறும் படும் இடத்தில் கடதாசியில் செய்த பொருளை வைத்துப் பிடிவாதம் பிடிப்பது வீண். உக்கிய பகுதியை, நல்ல மரம் தெரிந்ததற்கும் மேலே இரண்டு அங்குலம் தாண்டி, நேராக வெட்டி எடுங்கள். அந்த இடத்துக்கு அதே தடிப்பில் பி.வி.சி போர்ட் போடலாம், இப்போது சமையலறை வேலைக்கு ஹாட்வெயார் கடைகளில் தாராளமாக வருகிறது, தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் ஸ்குறூப் பிடிப்பு குறைவு, வெயில் சூட்டில் நீளவும் செய்யும். பிளைவுட்தான் வேண்டும் என்றால் மரைன் பிளைவுட், வெட்டுமுகம் முழுவதும் எப்பொக்சி ரெசினை இரண்டு தரம் குடிக்கவிட்டு. மரைன் என்ற பெயரைக் கேட்டு ஏமாறவும் வேண்டாம். அதன் பசைதான் தண்ணீருக்கு அசையாது, மரம் மரம்தான், வெட்டுமுகத்தைத் திறந்துவிட்டால் அதுவும் உக்கும். இதற்கு மேலே ஒரு அலுமினியத் தகடு, ஓரத்துக்கு அலுமினிய ஆங்கிள். மூடி மறைக்கிற வேலை என்று சிலர் சொல்வார்கள். மறைப்பதற்காக இல்லை, உதைபடுவதற்காகவே அந்தத் தகடு. பஸ் படிகளில் அதைப் போடுவதும் அதற்காகத்தான்.

அடைப்புப் பசையிலும் ஒரு பொறி இருக்கிறது. கடையில் சிலிக்கன் கேட்டால் பெரும்பாலும் வினாகிரி மணக்கும் வகையைத் தருவார்கள். அந்தப் புளிப்பு இரும்பைக் கறள் பிடிக்கச் செய்யும், வாகனத் தகரத்தில் வேண்டாம். அதோடு, சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு பெயின்றும் பிடிக்காது, பசையும் பிடிக்காது. முன்பு யாராவது அந்த மூலையில் சிலிக்கன் பூசியிருந்தால், நீங்கள் செருப்புப் பசை போட்டது அதன் மேலேதான் இருக்கும். மினுமினுப்பான றப்பர் மாதிரி ஏதாவது கண்டால் கத்தியால் முழுதாகச் சுரண்டி எடுங்கள். வெளிப்பக்க மூட்டுகளுக்கு, வாகனத்தின் முன்கண்ணாடி ஒட்டுகிறவர்கள் பாவிக்கும் கறுப்புப் பொலியூரதேன் பசை நல்லது. அது அசைவோடு அசையும்.

ஒன்றை மட்டும் கட்டாயமாகச் சொல்கிறேன். கண்டாக்ட் பசையின் ஆவி தீப்பிடிக்கும், காற்றைவிடப் பாரமானது, வாகனத்தின் தரையில் குளம் மாதிரி தேங்கும். வேலைக்கு முன் காஸ் சிலிண்டரை வெளியே இறக்குங்கள், பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள், எல்லாக் கதவும் யன்னலும் திறந்திருக்கட்டும், சிகரெட் பற்றவைக்கும் நண்பர்கள் தூரத்தில் நிற்கட்டும். ஒருமுறை மழைக்காக யன்னலைச் சாத்திவைத்து ஒரு வானுக்குள் அரை மணி நேரம் பசை பூசிவிட்டு இறங்கினேன். இறங்கினேன் என்பதைவிட விழுந்தேன் என்பதே சரி. இரண்டு நாள் தலையிடி.

அந்த மழைக்கால வேலையே பிறகு கழன்றும் வந்தது. ஈரக்காற்றில் கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேல்பரப்புக் குளிர்ந்து, அதில் பனி மாதிரி நீர் படியும். பசை வெள்ளை பூத்தது போலத் தெரிந்தால் அதுதான், அப்படி ஒட்டினால் பிடிக்காது. வாடைக்காற்றும் அடைமழையும் உள்ள நவம்பர் முதல் ஜனவரி வரை இந்த வேலையைத் தொடாதீர்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்கள்தான் இதற்கு மிகவும் நல்லது, காற்று காய்ந்து வரும். ஆனால் அப்போதும் பகல் உச்சியில் பூசினால் மறுபக்கம் பூசி முடிக்கும் முன்னரே முதல் பக்கம் செத்துவிடும். காலை எட்டரைக்குப் பிறகு, பஸ்சை மர நிழலில் நிறுத்தி, பதினொரு மணிக்குள் முடியுங்கள். ஒட்டியபின் ஒரு முழு நாள் ஓட வேண்டாம்.

உங்களுக்குக் கச்சான் காலம் என்றால் அறுகம்பையில் ஆட்கள் நிறையும் காலமும் அதுதான், ஒரு கிழமை பஸ்சை நிறுத்துவது நட்டம் என்று தெரியும். அப்படியானால் இப்போதைக்குத் தண்ணீர் வரும் வழியை மட்டும் அடைத்து, கழன்ற ஓரத்தை ஒட்டுநாடா போட்டுப் பிடித்து வையுங்கள். செப்டெம்பர் கடைசியில் கூட்டம் குறைந்ததும், முதல் மழைக்கு முன் கிடைக்கும் இரண்டு மூன்று கிழமையில் முழு வேலையையும் செய்யலாம். ஓரச் சட்டத்தைக் கழற்றியதும் கீழ் மூலையின் பலகை வெட்டுமுகத்தைக் கிட்டவாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். எவ்வளவு வெட்ட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.